அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா?

காரோடு, செங்கல், குளத்தூர், பாறசாலை, குன்னத்துகால், வெள்ளறடை ஊர்களில் சிறுநீரகம் செயலிழந்த தாய் தகப்பனை வீட்டில் வைத்துப் பார்க்கும் மக்களுக்கும் மருமக்களுக்கும்,



நம் ஊர்களில் வயதானவர்களுக்கு டயாலிசிஸ் தொடங்குவது பெரும்பாலும் ஒரு ராத்திரியில்தான். மூச்சு முட்டுகிறது, முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. ஆட்டோவிலோ 108-லோ ஏற்றி நெய்யாற்றின்கரைக்கோ, காரக்கோணத்துக்கோ, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ ஓடுகிறீர்கள். காஷுவல்டியில் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், “உடனே கழுத்தில் டியூப் போட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டும், கையொப்பமிடுங்கள்” என்கிறார். வளைகுடாவில் இருக்கும் மூத்தவனுக்கு போன் போகிறது. “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, செய்யச் சொல்லு” என்கிறான் அவன். ஒப்பு விழுகிறது. கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்கு நினைவு இருக்கிறது, காதும் கேட்கிறது. அவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த ராத்திரியில் நீங்கள் செய்ததைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூச்சுத் திணறுகிறவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆலோசனை நடத்த முடியாது. ஆனால் அந்த ராத்திரிக்கு முன்னால் மாதங்கள் இருந்தன, பல வீடுகளில் வருடங்களே இருந்தன. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு இரண்டு ஆனது, மூன்று ஆனது, நாலரை ஆனது. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்தோம், மாத்திரையை மாற்றினோம். சிறுநீரகம் முழுவதும் நின்றுபோனால் என்ன செய்யலாம், அதில் எது அப்பாவுக்கு வேண்டும் என்ற பேச்சு மட்டும் வீட்டில் வரவே இல்லை. அந்தப் பேச்சைத் தொடங்குங்கள் என்று கேட்டுத்தான் இந்த மடல்.

நான் மருத்துவன் இல்லை. பஞ்சாயத்து பாலியேட்டிவ் செவிலியர் வீடுவீடாகப் போகும்போது கூடப்போகும் தொண்டர்களில் ஒருவன். மருந்து எது, அளவு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் நான் எழுதுகிறேன்.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சிறுநீரகம் திரும்பி வருமா, வராதா? நம் பக்கத்தில் எலிக்காய்ச்சலாலும் அணலிப் பாம்பு கடித்தும் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகிறவர்கள் உண்டு. கடும் வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போய் அப்படி ஆவதும் உண்டு. இவர்களில் பலருக்குச் சில நாளோ சில வாரமோ டயாலிசிஸ் செய்தால் சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். இங்கே வயதைக் காரணம் காட்டித் தயங்கக் கூடாது. டயாலிசிஸ் இயந்திரத்தால் உலகத்தில் முதன்முதலில் உயிர் பிழைத்தவரே 67 வயதுப் பெண்மணிதான். 1945-ல் நெதர்லாந்தின் காம்பன் நகரத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தாமே உருவாக்கிய இயந்திரத்தால் அவரைக் காப்பாற்றினார். அந்தப் பெண்மணியின் சிறுநீரகம் தற்காலிகமாக நின்றிருந்தது. பிறகு திரும்பி வந்தது, அவரும் பல வருடம் இருந்தார்.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பத்து இருபது வருடம் அரித்துத் தீர்த்த சிறுநீரகத்தின் கதை வேறு. அது திரும்பி வராது. டயாலிசிஸ் அதைக் குணப்படுத்துவதும் இல்லை. நின்றுபோன உறுப்பின் வேலையில் ஒரு பங்கை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். தொடங்கினால், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவரை உயிர் உள்ள நாளெல்லாம் செய்ய வேண்டும். “ரெண்டு தடவை சுத்தம் பண்ணினா சரியாயிரும்” என்று நினைத்துக் கையொப்பமிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வாரக்கணக்காக ஓடிய பிறகுதான் இது முடிவில்லாத ஓட்டம் என்று அவர்களுக்குப் புரிந்தது. அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது கிரியாட்டினின் பயம். அந்த எண் ஆறைத் தொட்டதும் வீடே கலங்கிப்போகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து டயாலிசிஸ் தொடங்குவதில்லை. மெலிந்த பாட்டிக்கும் தடித்த ஆண்பிள்ளைக்கும் ஒரே கிரியாட்டினின் இருந்தாலும், பாட்டியின் சிறுநீரகம்தான் அதிகம் கெட்டிருக்கும். அதனால் டாக்டர்கள் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு முன்கூட்டியே டயாலிசிஸ் தொடங்கினார்கள், மறு சாராருக்கு உடம்பு கேட்கும்வரை காத்திருந்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், முந்தித் தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. மூச்சுத்திணறல், அடங்காத நீர்க்கோவை, மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டாசியம், விடாத வாந்தி போன்றவைதான் அவசரத்தின் அடையாளங்கள். அவை வராதவரை பேசுவதற்கு நேரம் இருக்கிறது.

அந்தப் பேச்சில் வைக்க வேண்டிய சில கணக்குகளைச் சொல்கிறேன். அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் 65 வயது கடந்த, சிறுநீரகம் ஏறத்தாழ நின்றுபோன 20,440 பேரின் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். 2024-ல் வெளியான அந்தக் கணக்குப்படி, உடனே டயாலிசிஸ் தொடங்கியவர்கள் மூன்று வருடக் கணக்கில் சராசரியாக 9 நாள்தான் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். ஆனால் வீட்டில் கழித்த நாள்களில் அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் குறைந்தது. காத்திருந்தவர்களில் பலர் பிறகு தொடங்கவும் செய்தார்கள். அங்கேயே முதியோர் இல்லங்களில் இருந்து டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடத்துக்குள் அவர்களில் நூற்றுக்கு 58 பேர் இறந்துபோனார்கள். எழுவது, உண்பது, கழிவறை போவது போன்றவற்றில் முன்பிருந்த நிலையைத் தக்கவைத்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 2009-ல் இங்கிலாந்தில், 70 வயது கடந்தவர்களைப் பற்றி வந்த ஆய்வில் டயாலிசிஸைத் தேர்ந்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 38 மாதமும், வேண்டாம் என்றவர்கள் 14 மாதமும் வாழ்ந்தார்கள். இரண்டு வருட வித்தியாசம் சின்னது இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் நாள்களில் பெரும்பங்கு ஆசுபத்திரிக்குப் போவதிலும் அங்கே படுப்பதிலும் கழிந்தது. ஆசுபத்திரிப் பக்கமே போகாத நாள்களை மட்டும் எண்ணினால் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். இதயம் நன்றாக இருக்கிறது, நடமாட்டம் இருக்கிறது, காலையில் எழுந்து தானே சாயாக்கடைக்குப் போய்வருகிறார் என்றால் 75 வயதிலும் டயாலிசிஸ் அவருக்கு நல்ல வருடங்களைக் கொடுக்கக்கூடும். இதயக்கோளாறு, பக்கவாதம், மறதி, படுக்கை என்று பலதும் சேர்ந்திருப்பவருக்கு அந்த லாபம் பெரிதும் கரைந்துவிடுகிறது. ஆகவே வயது எத்தனை என்று கேட்பதைவிட, போன மாதம் அப்பா எப்படி நடந்தார், எப்படிச் சாப்பிட்டார், யாரை அடையாளம் தெரிந்தது என்று கேட்பதுதான் டாக்டருக்கு உதவும்.

டயாலிசிஸ் நாள் எப்படி இருக்கும் என்பதைச் செய்துகொள்ளப் போகிறவருக்கு யாரும் விவரித்துச் சொல்வதில்லை. முறைப்படி வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். நம் நாட்டில் பலருக்கு இரண்டு தடவைதான் கிடைக்கிறது. பொழியூர்க் கடற்கரையிலிருந்தோ பனச்சமூட்டிலிருந்தோ காலை ஷிப்டுக்குப் போக வேண்டுமென்றால் விடியுமுன் எழ வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும். முடிந்து வரும்போது உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். தசை இழுக்கும், தலை சுற்றும். பலருக்கு அந்த நாள் முழுவதும் படுக்கைதான், சிலருக்கு மறுநாள் உச்சிவரை. கழுத்து டியூப்பில் தொற்று ஏறும் அபாயம் எப்போதும் உண்டு. கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா செய்தால் அபாயம் குறைவு. ஆனால் அது முதிர ஆறு எட்டு வாரமாவது ஆகும். முதியவர்களுக்கு இன்னும் தாமதிக்கலாம், சில சமயம் முதிராமலே போகலாம். முன்கூட்டிப் பேசச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டயாலிசிஸ் வேண்டும் என்று அப்பா முடிவு செய்தால் ஃபிஸ்டுலாவுக்கு அவகாசம் கிடைக்கும், நடுராத்திரியில் கழுத்தைத் துளைக்க வேண்டி வராது. ஃபிஸ்டுலாவுக்கான கையில் ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் யாரையும் விடாதீர்கள்.

வயிற்றுவழி டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதை நம் ஊர்களில் அறிந்தவர்கள் குறைவு. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக வீட்டிலேயே திரவப் பையை ஏற்றி இறக்குவது. வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை மாற்ற வேண்டும். சுத்தமான ஓர் அறையும், பழகிய ஒரு கையும் வேண்டும். சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று வரும். ஆனால் நீண்ட பயணம் மிச்சம், உடம்புக்கும் அதிர்ச்சி குறைவு. கேரள அரசின் திட்டத்திலும் இது உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி ஒரே ஒரு சேதி. இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறப் பதிவு செய்ய 65 வயது வரம்பும், அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தன. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு இரண்டையும் நீக்கச் சொல்லிவிட்டது. 66 வயதில் திடமாக இருக்கும் ஒருவரை “வயசாயிப்போச்சு” என்று யாராவது திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

இனி, நான் அதிகம் பேச விரும்புவது டயாலிசிஸ் இல்லாத சிகிச்சையைப் பற்றி. வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கைவிட்டுவிடுவார், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக விடுவதுதான் மிச்சம் என்று பலரும் நினைக்கிறீர்கள். உண்மை அப்படி இல்லை. நீர் பிரிய மாத்திரை உண்டு. ரத்தசோகைக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி உண்டு. ரத்தத்தில் அமிலம் ஏறாமலிருக்க சோடா மாத்திரை உண்டு. தூக்கத்தைக் கெடுக்கும் தோல் அரிப்புக்கும், குமட்டலுக்கும், கால் துடிப்புக்கும், வலிக்கும், கடைசிக்கால மூச்சுத்திணறலுக்கும் தனித்தனியே மருந்துகள் உண்டு. மார்ஃபின் போன்றவை சிறுநீரகம் நின்றவர்களின் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் அளவையும் வகையையும் தெரிந்த டாக்டர்தான் கொடுக்க வேண்டும். இப்படிப் பார்க்கப்படும் முதியவர்கள் மாதக்கணக்கில், சிலர் ஒரு வருடத்துக்கும் மேலே, தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாளைக் கழிக்கிறார்கள். சாப்பாட்டிலும் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். மரச்சீனியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவது நம் பழக்கம், அந்தத் தண்ணீரோடு பொட்டாசியத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு கை மரச்சீனியும் கொஞ்சம் மீன்குழம்பும் ஆசைப்படுகிற ஆளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள், ஒரேயடியாகத் தடுக்காதீர்கள். இளநீர் மட்டும் வேண்டாம். சிறுநீரகத்துக்கு நல்லது என்று நினைத்துக் கொடுக்கிறோம், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையும் வேண்டாம்.

இந்தக் கவனிப்பைக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் நாம் வாழவில்லை. 1993-ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண மையம் ஊர்ஊராகப் பரவியது. 2008-ல் பாலியேட்டிவ் கவனிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா இன்று திருவனந்தபுரத்திலிருந்துதான் இயங்குகிறது. பஞ்சாயத்துதோறும் வீட்டுக்கு வரும் செவிலியர் இருக்கிறார். அவர் படியேறி வரும்போது “அதுக்கு இன்னும் காலம் ஆகலை” என்று வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. பாலியேட்டிவ் என்றாலே நாள் குறித்துவிட்டார்கள் என்ற பயம். டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவருக்கும் அந்தச் செவிலியர் வருவார். வலி, அரிப்பு, தூக்கமின்மை, படுக்கைப்புண் எதையும் பார்ப்பார். ஆஷா பணியாளரிடமோ வார்டு மெம்பரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் பதிவாகிவிடும்.

சரி, அப்பாவிடமோ அம்மாவிடமோ எப்படிக் கேட்பது?

“உங்களுக்கு டயாலிசிஸ் வேணுமா, வேண்டாமா?” என்று மொட்டையாகக் கேட்டால், “ஒங்க இஷ்டம் மக்களே” என்பதுதான் பதில். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று கேளுங்கள். “அம்மா, டாக்டர் சொன்னதுல ஒனக்கு என்ன மனசிலாச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் பேசட்டும். சில அம்மாக்களுக்குச் சிறுநீரகம் என்ற பேச்சே போயிருக்காது, பிரஷருக்குத்தான் மருந்து என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு, எதைச் செய்ய முடியாமல் போனால் அவளுக்கு வாழ்க்கை கசக்கும், எதற்காக இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று கேளுங்கள். பேத்தியின் கல்யாணம் என்பாள் ஒருத்தி. அந்தோணியார் கோயில் திருவிழா என்பார் ஒருவர். கழுத்தில் குழாயோடு சாக மாட்டேன், சொந்தக் கட்டிலில்தான் என்பார் இன்னொருவர். இந்தப் பதில்களைக் கொண்டுபோய் டாக்டரிடம் சொன்னால், எந்தச் சிகிச்சை அதற்கு ஒத்துவரும் என்று அவரால் சொல்ல முடியும். “நல்லபடி போனால் எப்படி இருக்கும், மோசமாகப் போனால் எப்படி இருக்கும், இவருக்கு எது நடக்க வாய்ப்பு அதிகம்?” என்று டாக்டரைக் கேளுங்கள். சதவீதத்தைவிட இந்தப் பதில் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

தாய்மார்களிடம் இன்னும் பொறுமை வேண்டும். நான் போன வீடுகளில், வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள் அதிகமும் பெண்கள்தான். கிழங்கு விற்றும் பீடி சுற்றியும் வளர்த்த கை, தனக்கென்று ஒரு செலவு வந்ததும் பின்வாங்குகிறது. “எனக்காக நீங்க கடன்படாண்டாம்” என்று அம்மா சொல்வது டயாலிசிஸைப் பற்றிய முடிவு இல்லை, உங்கள் கடனைப் பற்றிய கவலை. அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இருப்பதைச் சொல்லுங்கள். அட்டையை அக்ஷயா மையத்தில் சரிபார்த்துக் கையில் காட்டுங்கள். யார் கூட வருவார்கள், யார் சமைப்பார்கள் என்பதை உங்களுக்குள் பேசித் தீர்த்துவிட்டுப் பிறகு மறுபடி கேளுங்கள். அப்போதும் அவள் வேண்டாம் என்றால், அது அவளுடைய வேண்டாம். மதித்தே ஆக வேண்டும். இதற்கு நேர்மாறாக, மகனின் மனம் நோகக் கூடாதென்று வாரம் மூன்று தடவை வாய்மூடி ஊசிக்குக் கை நீட்டும் அப்பாக்களும் உண்டு. செவிலியரிடம் மட்டும் தனியே சொல்வார்கள்: “அவனுக்காகத்தான் போறேன்.” அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.

முடிவெடுக்க முடியாமல் தவித்தால் தவணை வைத்துத் தொடங்கும் வழி ஒன்று இருக்கிறது. இரண்டு மாதமோ மூன்று மாதமோ டயாலிசிஸ் செய்து பார்ப்பது. அதற்குள் மூச்சு சீராகி, பசி எடுத்து, நடமாட்டம் வந்தால் தொடர்வது. வராவிட்டால் நிறுத்துவது. எதைப் பார்த்துத் தொடர்வோம், எதைப் பார்த்து நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே டாக்டரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பேத்தி கல்யாணம் வரை என்று ஒருவர் கேட்டால் அதுவும் நியாயமான தவணைதான். சிறுநீர் அறவே போகாதவருக்கு டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் உயிர் பிரியும். அந்த நாள்களில் பாலியேட்டிவ் செவிலியர் பக்கத்தில் இருந்தால் அநேகமாகத் தூக்கம் கூடிக்கூடி அமைதியாகவே முடியும்.

இதைப் படிக்கும்போதே உங்களில் சிலருக்கு, நிறுத்துவது பாவமல்லவா என்று நெஞ்சு இடிக்கும். நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே நிறைய. 1957-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உயிரைக் காக்க அசாதாரணமான வழிகளையெல்லாம் பற்றிக்கொள்ளும் கடமை யாருக்கும் இல்லை என்று மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார். சுமைக்கு ஈடான பலன் இல்லாத சிகிச்சையை மறுப்பது தற்கொலை ஆகாது என்பது திருச்சபையின் போதனை. உங்கள் பங்குச் சாமியாரையோ சி.எஸ்.ஐ. சபைப் போதகரையோ கோயில் பெரியவரையோ வீட்டுக்கு அழைத்து இதைப் பற்றியே பேசச் சொல்லுங்கள். ஜெபிக்க மட்டும் அழைக்காதீர்கள்.

சட்டமும் அப்பாவின் பக்கம் இருக்கிறது. தெளிவான நினைவோடு இருக்கும் ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம், மகன் அதற்கு எதிராகக் கையொப்பமிட முடியாது. நினைவு தப்பும் காலத்துக்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவெடுக்க யாருக்கு அதிகாரம் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். பிள்ளைகளுக்குள் மூத்தவன் ஒன்று சொல்ல இளையவள் வேறொன்று சொல்லும் வீடுகளில், இந்த ஒரு தாள் ஆசுபத்திரி வராந்தாச் சண்டையை நிறுத்தும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நாலு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு அப்படி விழுந்ததே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அம்மா ஒரு மாதம் பாறசாலையில் மகன் வீட்டில், அடுத்த மாதம் களியக்காவிளையில் மகள் வீட்டில் என்று முறைவைத்துப் பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். நல்ல உடம்புக்கு அது சரி. சிறுநீரகம் நின்றவளுக்கு அது ஆபத்து. டயாலிசிஸ் இடம் ஓர் ஆசுபத்திரியில்தான் கிடைக்கும். காருண்யா அட்டை ஒரு மாநிலத்து ரேஷன் கார்டோடு கட்டுப்பட்டது, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு இன்னொன்றோடு. இந்தப் பக்கத்துப் பாலியேட்டிவ் செவிலியர் அந்தப் பக்கம் வரமாட்டார், மக்களைத் தேடி மருத்துவத்தின் வண்டி இந்தப் பக்கம் வராது. ஆகவே அம்மா இனி எந்த வீட்டில் இருக்கப் போகிறாள் என்பதையும் சிகிச்சை முடிவோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதை அவள்தான் சொல்ல வேண்டும். மகன்கள் கௌரவம் பார்த்தால் அவள் தவித்துப்போவாள். எந்த வீடானாலும் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபைலில் அவளோடு போகட்டும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் டாக்டருக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் ஆசுபத்திரியில் என்ன செய்தார்கள் என்பது அந்த ஃபைலைப் பார்த்தால்தான் தெரியும்.

மொழியும் இடையில் நிற்கிறது. நம் முதியவர்கள் சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளம் பேசிவிடுவார்கள். ஆனால் வலியையும் பயத்தையும் அவர்கள் சொல்வது தமிழில்தான். டாக்டர் மலையாளத்தில் விளக்க, மகன் தலையாட்ட, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. மகன் சுருக்கிச் சொல்வதில் கெட்ட சேதி எல்லாம் விழுந்துபோகிறது. 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே எழுதிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. டயாலிசிஸ் என்றால் என்ன, மற்ற வழிகள் என்ன என்பதை விளக்கும் தாளையும் சம்மதப் படிவத்தையும் தமிழில் வைக்கும்படி ஆசுபத்திரி வளர்ச்சிக் குழுவிடம் நம் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அதுவரை, வார்டிலேயே தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவரைக் கூப்பிட்டு அப்பாவின் முன்னால் சொல்லவையுங்கள்.

அடுத்த முறை ஓ.பி. சீட்டு எடுத்து உள்ளே போகும்போது, டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள். கேள்வியை அவரிடமே கேட்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, வளைகுடாவில் இருப்பவனையும் போனில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஒருமுறை அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, தேதி போட்டு, ஃபைலில் முதல் தாளாக வையுங்கள்.

அன்புடன்,
எல்லையோர பாலியேட்டிவ் தொண்டன் ஒருவன்